பிறக்காத கட்டுரையின் நெடும்பயணம்

வான் டெர் கீர், ஹான்ராட்ஸ், லப்டன் என்று மூன்று ஆசிரியர்கள். ஆண்டு 2000. தலைப்பு, 'ஆய்வுக் கட்டுரை எழுதும் கலை'. இதழின் பெயர் 'ஜே. சை. கம்யூன்.' என்று வழக்கமான சுருக்கத்தில் இருக்கிறது. தொகுதி 163, இதழ் 2, பக்கம் 51 முதல் 59 வரை. ஒரு ரெஃபரன்ஸுக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாமே உண்டு. காற்புள்ளி கூட இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. கட்டுரை மட்டும் இல்லை. அந்த 163ஆம் தொகுதியை அச்சிட்டவர் யாருமில்லை, வாங்கி அடுக்கிய நூலகமும் இல்லை.

இது பிறந்த இடம் ஆம்ஸ்டர்டாமைத் தலைமையகமாகக் கொண்ட எல்சேவியர் பதிப்பகத்தின் 'ஆசிரியர்களுக்கான வழிகாட்டி'. கட்டுரை அனுப்புகிறவர் தம் துணைநூற்பட்டியலை எந்த வடிவத்தில் தர வேண்டும் என்று காட்ட அங்கே சில மாதிரிகள் போட்டிருந்தார்கள். இதழ்க் கட்டுரைக்கு மாதிரி, வான் டெர் கீர். நூலுக்கு மாதிரி, ஸ்ட்ரங்க்கும் வைட்டும் எழுதிய 'தி எலிமென்ட்ஸ் ஆஃப் ஸ்டைல்'. தொகுப்பு நூலில் வரும் அத்தியாயத்துக்கு மாதிரி, மெட்டம், ஆடம்ஸ் என்ற இருவர் பெயரில் ஒன்று. அதைப் பதிப்பித்தவர்கள் ஜோன்ஸ், ஸ்மித். வெளியிட்டது நியூயார்க்கின் 'ஈ-பப்ளிஷிங் இன்க்.' நடுவில் இருக்கும் ஸ்ட்ரங்க்-வைட் மட்டும் கடையில் கிடைக்கும் அசல் புத்தகம். இரண்டு கற்பனைக்கு நடுவே ஒரு நிஜத்தை வைத்தவருக்கு உள்நோக்கம் ஏதும் இருந்திருக்காது. ஆனால் பின்னால் வரப்போகும் குழப்பத்தின் சாயல் அங்கேயே விழுந்துவிட்டது: மூன்றையும் வெறும் பார்வையில் பிரிக்க முடியாது.

மாதிரி எப்படி வீட்டை விட்டு வெளியேறியது என்பதில் பெரிய மர்மமில்லை. வங்கியில் பணம் கட்டும் சலானுக்கு மாதிரி ஒன்றைக் கண்ணாடிக்குக் கீழே வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து நிரப்புகிறவர் அவசரத்தில் அங்கிருக்கும் பெயரையும் சேர்த்து எழுதிவிடுவதுண்டு. மாநாட்டுக் கட்டுரைகளில் நடந்தது அதுதான். எல்சேவியரின் 'புரொசீடியா' வரிசை, மாநாடுகளில் வாசித்த கட்டுரைகளைத் தொகுதி தொகுதியாக வெளியிடுவது. அதற்கென ஒரு வேர்ட் டெம்ப்ளேட் உண்டு. கட்டுரையாளர் அதை இறக்கிக்கொண்டு, தலைப்பின் மேல் தம் தலைப்பையும் சுருக்கத்தின் மேல் தம் சுருக்கத்தையும் தட்டச்சு செய்துகொண்டே போகிறார். கடைசிப் பக்கத்துக்கு வரும்போது சமர்ப்பிக்க வேண்டிய நேரம் நெருங்கியிருக்கும். தம் ரெஃபரன்ஸ்களைச் சேர்க்கிறார். டெம்ப்ளேட்டில் ஏற்கெனவே இருந்த வரியை அழிக்க மறக்கிறார். மாநாட்டுக் குழு பார்க்கவில்லை. மதிப்பீட்டாளர் பார்க்கவில்லை. அச்சுக்கு முன் திருத்துகிறவர் பார்த்தாலும், வடிவம் சரியாக இருக்கிறதே என்று விட்டிருப்பார். வடிவத்துக்காகவே பிறந்த வரி அல்லவா அது!

இதைக் கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற பீட்டர் குரோனன்பெர்க். அவர் லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆன்-வில் ஹார்சிங்குக்கு எழுதினார். மேற்கோள் எண்ணிக்கையை அலசும் 'பப்ளிஷ் ஆர் பெரிஷ்' மென்பொருளை உருவாக்கியவர் ஹார்சிங். இந்த வேலைக்கு அவரை விடப் பொருத்தமானவர் கிடைத்திருக்க மாட்டார். 2017இல் அவர் துப்புத் துலக்கி எழுதியதில் தெரிந்தது: வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தின் கணக்குப்படி, எழுதப்படாத அந்தக் கட்டுரையை கிட்டத்தட்ட 400 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. பெரும்பகுதி புரொசீடியா மாநாட்டுத் தொகுதிகள். சதி எதுவும் இல்லை, அசட்டையாக எழுதியதும் அசட்டையாகச் சரிபார்த்ததும் சேர்ந்த விளைவு என்பதே அவர் முடிவு. ஒழுங்காக ஆய்வு செய்து, ஒழுங்காக எழுதி, பணி ஓய்வு வரை 400 மேற்கோளைப் பார்க்காத பேராசிரியர்கள் நம் ஊரிலும் ஏராளம். அவர்கள் இந்தப் பத்தியைப் படிக்காமல் இருப்பது நல்லது.

அதன் பிறகும் வழிகாட்டியில் வான் டெர் கீர் தொடர்ந்தார். இடையில் சில பதிப்புகளில் ஆண்டு 2010 ஆனது, பிறகு 2018 ஆனது. தொகுதி மட்டும் அதே 163, பக்கங்கள் அதே 51–59. பதினெட்டு ஆண்டுகளாக ஒரே தொகுதியில் நிற்கும் இதழ் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும். காலத்துக்கேற்ப அதற்கு ஒரு டி.ஓ.ஐ. எண்ணும், அதாவது இணையத்தில் கட்டுரையை அடையாளம் காட்டும் எண்ணும், கொடுத்தார்கள். அந்த எண்ணின் நடுவே 2010 என்று இருக்கிறது. ஆண்டு 2018 ஆன பிறகும் அது மாறவில்லை. யாரோ ஒருவர் ஆண்டைப் புதுப்பித்திருக்கிறார், மற்றதை அப்படியே விட்டிருக்கிறார். மாதிரிதானே, யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

போய்ப் பார்க்காத பழக்கம் இந்த வரியோடு தொடங்கியதல்ல. 2003இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த மிகைல் சிம்கின், வ்வானி ராய்சௌத்ரி இருவரும் ஒரு குறும்பான கணக்குப் போட்டார்கள். இயற்பியலில் புகழ்பெற்ற ஒரு கட்டுரை. 1973இல் காஸ்டர்லிட்ஸும் தௌலெஸும் எழுதியது. அதை ஏறத்தாழ 4,300 பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். அவற்றில் 196 மேற்கோள்களில் தொகுதி எண்ணோ பக்க எண்ணோ பிழையாக இருந்தது. ஆளாளுக்குத் தனித்தனியாகத் தவறியிருந்தால் பிழையும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஆனால் வெவ்வேறு வகைப் பிழைகள் 45தான். ஒரே பிழை 78 இடங்களில் திரும்பத் திரும்ப வந்தது. ஒருவர் தவறாக எழுதியதை அடுத்தவர் பார்த்து எழுதி, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதியிருக்கிறார். மேற்கோள் காட்டுகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படித்திருப்பார் என்பது அவர்களின் மதிப்பீடு. பரீட்சை மண்டபத்தில் காப்பியைக் கண்டுபிடிக்கும் கண்காணிப்பாளரின் உத்திதான் இது: சரியான விடை ஒத்துப்போனால் ஒன்றும் சொல்ல முடியாது, தவறான விடை ஒத்துப்போனால் மாட்டிக்கொள்வார்கள்.

இப்படிப் பார்த்து எழுதுவதற்கு இன்னொரு வசதியும் பிற்பாடு வந்தது. கூகுள் ஸ்காலர், இணையத்தில் கிடைக்கும் கட்டுரைகளை மட்டும் பட்டியலிடுவதில்லை. மற்றவர்களின் துணைநூற்பட்டியலில் பெயர் அடிபடும் எதையும், மூலம் கைக்குக் கிடைக்காவிட்டாலும், 'சைட்டேஷன்' என்ற முத்திரையோடு காட்டிவிடும். பழைய நூல்களுக்கும் அச்சில் மட்டும் வந்த கட்டுரைகளுக்கும் இது நல்ல ஏற்பாடு. ஆனால் இல்லாத கட்டுரையும் இதே வாசல் வழியாக உள்ளே வரலாம். நாலு பேர் குறிப்பிட்டால் அதற்கும் ஓர் இருக்கை கிடைத்துவிடும். தேடுகிறவர் அந்த இருக்கையைப் பார்த்து, ஆள் இருக்கிறார் என்று நம்புவார்.

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளிவந்தபோது கதை வேறு கட்டத்துக்குப் போனது. அதுவரை இல்லாத ரெஃபரன்ஸ் ஒன்று உருவாக யாராவது ஒருவர் உட்கார்ந்து மாதிரி எழுத வேண்டும், இன்னொருவர் மறக்க வேண்டும். இப்போது கேட்ட மாத்திரத்தில் பத்து வரும், வேண்டுமென்றால் நூறு வரும்.

எந்திரம் பொய் சொல்கிறது என்று மாணவர்களிடம் சொல்லும் ஆசிரியர்களைப் பார்க்கிறேன். அந்த விளக்கம் எனக்கு உவப்பில்லை, ஏனென்றால் பொய் சொல்வதற்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி (லேங்குவேஜ் மாடல்) செய்வது, இதுவரை வந்த சொற்களுக்குப் பின் எது வரத்தக்கது என்று கணித்துக்கொண்டே போவது. ரெஃபரன்ஸ் என்பது அந்த வேலைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற வாக்கியம். குடும்பப் பெயர், முதலெழுத்து, ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம் என்று வரிசை மாறாது. லட்சக்கணக்கான கட்டுரைகளின் வாலில் இதே வடிவம் தொங்குகிறது. கடற்கரை அரிப்பு பற்றிக் கேட்டால், அந்தத் துறையில் அடிக்கடி தென்படும் பெயர்கள் வரும். அந்தத் துறைக் கட்டுரைகள் வரும் இதழின் பெயர் வரும். தலைப்பில் ஒரு முக்காற்புள்ளி வரும், அதற்குப் பின் 'ஓர் ஆய்வு' என்ற தொனியில் ஒரு வால் வரும். ஒவ்வொரு துண்டும் தனியாகப் பார்த்தால் நிஜம். சேர்த்து வைத்தால் அப்படி ஒரு கட்டுரை இல்லை. இருக்கிற பேராசிரியர் எழுதாத கட்டுரை என்பதால்தான் சந்தேகம் எழுவதில்லை. பேராசிரியரின் பெயரைத் தேடினால் ஆள் அகப்படுவார், அவருடைய துறையும் பொருந்தும்.

இதை முறையாக எண்ணிப் பார்த்தவர்களில் ஒருவர் நூலகர். நியூயார்க்கின் மன்ஹாட்டன் கல்லூரி நூலகத்தைச் சேர்ந்த வில்லியம் வால்டர்ஸும், அவரோடு சேர்ந்து ஆய்வு செய்த எஸ்தர் வைல்டரும், 42 தலைப்புகளில் சாட்ஜிபிடியை 84 சிறு கட்டுரைகள் எழுதச் செய்து, அவற்றில் இருந்த 636 மேற்கோள்களையும் ஒவ்வொன்றாகத் தேடினார்கள். 2023 செப்டம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் முடிவு வந்தது. ஜிபிடி-3.5 கொடுத்தவற்றில் 55 விழுக்காடு இட்டுக்கட்டியவை. ஜிபிடி-4 கொடுத்தவற்றில் 18 விழுக்காடு. இந்த எண்களைத்தான் எல்லோரும் எடுத்துச் சொன்னார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த வரி: நிஜமாகவே இருக்கும் கட்டுரைகளிலும், முதலாவதில் 43 விழுக்காட்டிலும் இரண்டாவதில் 24 விழுக்காட்டிலும் ஆண்டோ பக்கமோ ஆசிரியர் பெயரோ பிழையாக இருந்தது. இல்லாததற்கும் இருப்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி ஒன்று இருக்கிறது, அதில் பாதி நிஜங்கள் வாழ்கின்றன.

போலி ரெஃபரன்ஸ்களின் இந்தப் புதிய தலைமுறை எங்கெல்லாம் போய் வந்தது என்பது செய்தித்தாள் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. விமானத்தில் உணவு பரிமாறும் தள்ளுவண்டி முழங்காலில் இடித்தது என்று ஒரு பயணி அவியான்கா நிறுவனத்தின் மேல் போட்ட வழக்கு அது. அவருடைய வழக்கறிஞர் தாக்கல் செய்த மனுவில் நடக்காத வழக்குகளின் தீர்ப்புகள் இருந்தன. 2023 ஜூன் 22 அன்று நீதிபதி கெவின் காஸ்டல் 5,000 டாலர் அபராதம் விதித்தார். எழுதாத தீர்ப்பை எழுதியதாகக் காட்டப்பட்ட நீதிபதிகளுக்கும் கடிதம் அனுப்பச் சொன்னார். அபராதத்தை விட, விசாரணையில் வெளிவந்த ஒரு விவரம்தான் வகுப்பறைக்கு வேண்டியது. வழக்கறிஞருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. வந்தது. அவர் சாட்ஜிபிடியிடமே, இந்த வழக்கு நிஜமானதுதானா என்று கேட்டார். ஆமாம், வெஸ்ட்லாவிலும் லெக்ஸிஸ்நெக்ஸிஸிலும் கிடைக்கும் என்று பதில் வந்தது. இரண்டுமே அமெரிக்க வழக்கறிஞர்கள் நம்பும் சட்டத் தரவுத்தளங்கள். அவற்றில் ஒன்றைத் திறந்து பார்ப்பதுதான் மிச்சம். பார்க்கவில்லை.

2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் கோடைக்கால வாசிப்புப் பட்டியலில் 15 நூல்கள் வந்தன. அவற்றில் ஐந்துதான் இருந்தன. மீதி பத்துக்கும் ஆசிரியர்கள் உண்டு, நூல்கள் இல்லை. இசபெல் அயெண்டே எழுதாத 'டைட்வாட்டர் ட்ரீம்ஸ்' அதில் ஒன்று. அந்தப் பக்கங்கள் வெளி நிறுவனம் ஒன்று தயாரித்து விற்றவை என்பதால் ஃபிலடெல்ஃபியாவின் இன்னொரு நாளிதழிலும் அதே பட்டியல் வந்தது. அதே ஆண்டு செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு, தன் ஆவணக் காப்பகத்தில் இல்லாத கோப்பு எண்களை ஏ.ஐ. கருவிகள் கொடுத்துவிடுவதாக ஆய்வாளர்களை எச்சரிக்க வேண்டி வந்தது.

ஆனால் முதல் அடி விழுந்த இடம் கல்லூரி நூலக மேசைதான். மாணவர் ஒருவர் ஏழெட்டு கட்டுரைகளின் பட்டியலோடு வருவார். எதுவும் கிடைக்கவில்லை சார், நம் நூலகத்தில் சந்தா இல்லையா என்பார். நூலகர் இதழைத் திறப்பார், தொகுதியைத் திறப்பார், அந்தப் பக்கத்தில் வேறு கட்டுரை இருக்கும். தம் தேடலில்தான் கோளாறு என்று நினைத்து இன்னொரு தளத்தில் தேடுவார். ஒரு கட்டுரை இல்லை என்று உறுதிசெய்வது, இருக்கும் கட்டுரையைக் கண்டுபிடிப்பதை விட நேரம் பிடிக்கும் வேலை. 2023 மார்ச்சிலேயே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக நூலகர்கள் இதைப் பற்றி மாணவர்களுக்கு எழுதினார்கள். அவர்கள் சாட்ஜிபிடியைத் தொடாதே என்று சொல்லவில்லை. தலைப்பைச் சுருக்கவும், தேடுசொற்களைக் கண்டுபிடிக்கவும், எந்தத் தரவுத்தளத்தில் தேடலாம் என்று தெரிந்துகொள்ளவும் கேளுங்கள், கட்டுரைப் பட்டியல் மட்டும் கேட்காதீர்கள் என்றார்கள். அந்த வேளையில் கிடைத்த மிகத் தெளிவான ஆலோசனை அது.

நூலகர்களிடம் இதற்கென ஏற்கெனவே ஒரு பாடம் இருந்தது. தகவல் எழுத்தறிவு என்ற சொல்லை 1974இல் அமெரிக்காவின் பால் ஸர்க்கௌஸ்கி ஓர் அரசு அறிக்கையில் பயன்படுத்தினார். கல்லூரிகளில் அது பெரும்பாலும் ஒரு மணி நேர வகுப்பாகச் சுருங்கியது. அந்த ஒரு மணி நேரத்துக்கு வசதியாக, 2004இல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தில் சாரா பிளேக்ஸ்லீ ஐந்து கேள்விகள் கொண்ட ஒரு சோதனையைத் தயாரித்தார். புதியதா, பொருத்தமானதா, எழுதியவருக்குத் தகுதி உண்டா, துல்லியமானதா, நோக்கம் என்ன? உலகம் முழுக்க நூலகங்களில் இந்தப் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது.

வான் டெர் கீரை இந்தச் சோதனையில் உட்கார வைத்துப் பாருங்கள். புதியதா? வழிகாட்டியில் அவ்வப்போது ஆண்டைக்கூட மாற்றுகிறார்கள். பொருத்தமா? கட்டுரை எழுதுவது பற்றிய கட்டுரை, எந்தத் துறைக்கும் பொருந்தும். தகுதி? மூன்று ஆசிரியர், ஆய்விதழ், தொகுதி எண் மூன்று இலக்கம். நோக்கம்? கற்பிப்பது. துல்லியத்தில் கொஞ்சம் திணறுவார், ஆனால் கட்டுரையைத் திறக்காதவரை யாரும் அந்தக் கேள்விக்கு வரப்போவதில்லை. எந்திரம் தயாரிக்கும் ரெஃபரன்ஸ்களும் இப்படியே தேறிவிடும். சோதனையின் குறை, அது பொருளுக்கு உள்ளேயே பார்க்கச் சொல்வது. ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் எழுதியது இந்த இடத்தில்தான் உதவுகிறது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் 25 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் 10 பேர். இவர்களிடம் இணையப் பக்கங்களைக் கொடுத்து எது நம்பத்தக்கது என்று கேட்டார்கள். வரலாற்றாய்வாளர்களும் மாணவர்களும் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்துப் பல நேரம் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் வந்த வேகத்தில் அந்தப் பக்கத்தை விட்டு வெளியேறி, வேறு தாவல்களைத் திறந்து, மற்றவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். படிப்பில் கெட்டிக்காரர்கள் தோற்றதற்குக் காரணம் அவர்கள் கெட்டிக்காரத்தனமாகப் படித்ததுதான்.

இப்போது பல கல்லூரிகளில் எந்திரத்தின் இட்டுக்கட்டலையே பாடக் கருவியாக்கிவிட்டார்கள். முறை எளியது. வகுப்பிலேயே சாட்ஜிபிடியைத் திறந்து, இணையத் தேடலை அணைத்துவிட்டு, ஒரு தலைப்பில் பத்து ஆய்வுக் கட்டுரைகளை டி.ஓ.ஐ. எண்ணோடு கேட்பது. ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொடுப்பது. இருக்கிறதா இல்லையா என்று அந்த எந்திரத்திடம் கேட்கக் கூடாது என்பது ஒரே விதி.

டி.ஓ.ஐ. எண்ணிலிருந்து தொடங்குகிறவர்களுக்குத்தான் முதல் வேடிக்கை. அது எப்போதும் 10 என்று தொடங்கும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது அதைப் பதிவு செய்த வெளியீட்டாளரின் எண். 10.1016 என்றால் எல்சேவியர். எந்திரம் இந்த முன்பாதியைச் சரியாகவே போட்டுவிடும், ஏனென்றால் அது ஆயிரக்கணக்கான முறை பார்த்த எண். பின்பாதியில் இதழின் சுருக்கம், ஆண்டு, ஐந்தாறு இலக்கம். அந்த இலக்கங்களில்தான் கோட்டை விடும். எண்ணை டி.ஓ.ஐ. தளத்தில் ஒட்டினால் சில 'கிடைக்கவில்லை' என்று வரும். அது நல்லது, குழப்பமில்லை. சில திறந்துகொள்ளும், திறந்தால் மண்புழு பற்றிக் கேட்ட மாணவருக்கு மாட்டுப் பண்ணை பற்றிய கட்டுரை வரும். இணைப்பு வேலை செய்கிறது என்ற ஒரே காரணத்துக்காக 'சரி' போட்டுவிட்டுப் போகிற மாணவர் எந்த வகுப்பிலும் இருப்பார். அவரை வைத்தே அடுத்த இருபது நிமிடப் பாடத்தை நடத்தலாம்.

பிறகு இதழின் தளத்துக்குப் போய்த் தொகுதியையும் பக்கத்தையும் பார்ப்பது. ஆசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அவருடைய வெளியீட்டுப் பட்டியலைப் பார்ப்பது. இதற்குள் கரும்பலகையில் வகைகள் சேர்ந்திருக்கும்: முழுக் கற்பனை; ஆசிரியர் நிஜம், தலைப்பு கற்பனை; தலைப்பு நிஜம், ஆண்டு தவறு; இரண்டு கட்டுரைகளை ஒட்டிச் செய்த ஒன்று; முழுக்க நிஜம். கடைசி வகை ஒன்றிரண்டாவது வந்தால்தான் வகுப்பு நன்றாக அமையும். எல்லாமே போலி என்று ஆகிவிட்டால் மாணவர்கள் கற்றுக்கொள்வது அவநம்பிக்கையை மட்டுமே. அதற்கு வகுப்பு எதற்கு? அதே கேள்வியைப் புதிய உரையாடலில் இன்னொரு முறை கேட்கச் சொல்வதும் பலன் தரும். நிஜக் கட்டுரைகள் திரும்ப வர வாய்ப்பு அதிகம், கற்பனைகள் பெயரும் ஆண்டும் மாறி வேறு முகத்தோடு வந்து நிற்கும்.

ஏ.ஐ.யைத் தடைசெய்த துறைகளில் இந்தப் பயிற்சிக்கு இடமில்லை. அங்கேயும் மாணவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள், அறைக்கு வெளியே, தனியாக. இன்னொரு கோடியில், எப்படிக் கேள்வி கேட்டால் நல்ல பதில் வரும் என்று மட்டும் சொல்லித்தருகிற பட்டறைகள் நடக்கின்றன. சான்றிதழும் கொடுக்கிறார்கள். அந்த வழக்கறிஞரும் நல்ல கேள்வியைத்தான் கேட்டார். கேட்ட இடம்தான் தவறு.

இந்தப் பயிற்சி ஏற்கெனவே பழசாகிக்கொண்டு வருவதையும் சொல்ல வேண்டும். புதிய கருவிகள் இணையத்தில் தேடி, இணைப்போடு பதில் தருகின்றன. ஆளே இல்லாத ரெஃபரன்ஸ் முன்பு போல எளிதில் வருவதில்லை. ஆனாலும் 2025 மார்ச்சில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டோ மையம் எட்டு ஏ.ஐ. தேடுகருவிகளிடம் செய்திக் கட்டுரைகளின் பகுதிகளைக் கொடுத்து, இது எங்கே, எப்போது வந்தது என்று 1,600 முறை கேட்டது. 60 விழுக்காட்டுக்கும் மேல் தவறான பதில். குரோக்-3 கொடுத்த 200 இணைப்புகளில் 154 எங்கும் போய்ச் சேரவில்லை.

இணைப்பு போய்ச் சேர்ந்துவிட்டால் பிரச்சினை இன்னும் நுட்பமாகிறது. கட்டுரை நிஜம், ஆசிரியர் நிஜம், பக்கம் நிஜம்; கருவி சொன்ன கருத்து மட்டும் அந்தக் கட்டுரையில் இல்லை. 'தொடர்பு காணப்படுகிறது' என்று மூலம் சொன்னதைக் 'காரணம்' என்று பதில் சொல்லியிருக்கும். எலியில் செய்தது மனிதருக்கு ஆகியிருக்கும். முன்னுரையில் மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய பழைய கருத்து, ஆசிரியரின் முடிவாகியிருக்கும். டி.ஓ.ஐ. எண்ணை ஒட்டிப் பார்ப்பதால் இதைப் பிடிக்க முடியாது. பதிலில் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு ஆதாரமான வாக்கியத்தை மூலத்தில் கண்டுபிடித்து அடிக்கோடிட்டு வா என்று அனுப்புவதுதான் வழி. அதாவது கட்டுரையைப் படித்தாக வேண்டும். சிம்கினும் ராய்சௌத்ரியும் 2003இல் தம் கட்டுரைக்கு வைத்த தலைப்பே 'மேற்கோள் காட்டும் முன் படி' என்ற பொருளில்தான் இருந்தது.

தமிழ்த் துறை வகுப்பில் இந்தப் பயிற்சியைச் செய்ய நினைக்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல் காத்திருக்கிறது. நெய்தல் திணை பற்றியோ நாட்டார் தெய்வங்கள் பற்றியோ கேட்டால் எந்திரம் தமிழ் நூல்களின் பட்டியலையும் தயங்காமல் தரும். பதிப்பகம் நிஜமாக இருக்கும், ஊர் சரியாக இருக்கும். அதைச் சரிபார்க்க டி.ஓ.ஐ. எண் கிடையாது, பல தமிழ் ஆய்விதழ்கள் அதைப் பதிவு செய்வதில்லை. சிற்றிதழ்க் கட்டுரைக்குப் பல நேரம் பக்க எண்கூட யாரும் குறித்து வைத்ததில்லை. ஐ.எஸ்.பி.என். இல்லாமல் வந்து, ஒரே பதிப்போடு மறைந்துபோன நல்ல நூல்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அதனால் தேடிக் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்று எழுதிவிட முடியாது. ஆங்கில இயற்பியல் கட்டுரைக்குக் கிட்டத்தட்ட முடியும். தமிழ் நூலுக்கு முடியாது. வாய்மொழியாலோ ஒரு பழைய பட்டியலாலோ மட்டும் தெரியவரும், உண்மையாகவே இருந்த ஒரு நூலைப் போலி என்று மாணவர் தள்ளிவிடும் ஆபத்து, போலியை நம்பும் ஆபத்துக்குக் குறைந்ததல்ல.

ஆகவே தமிழ் வகுப்பின் அட்டவணையில் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டு கட்டங்களோடு 'தெரியவில்லை' என்று மூன்றாவதும் வேண்டும். அதில் எழுதுகிறவர் எங்கெல்லாம் தேடினார் என்று குறிக்க வேண்டும். நூல் என்றால் கன்னிமாரா நூலகத்தின் பட்டியல். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்கள் வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அது ஒன்று, எல்லாப் பதிப்பாளரும் அனுப்புவதில்லை என்றாலும். பழைய நூல், பத்திரிகை என்றால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும். முனைவர் பட்ட ஆய்வேடு என்றால் சோத்கங்கா தளம். ஒவ்வொரு இடத்திலும் பெயரை எந்த எழுத்துக்கூட்டலில் தேடினார் என்பதையும் எழுதச் சொல்வது நல்லது. சுப்பிரமணியனும் சுப்ரமணியனும் சுப்பிரமணியமும் கணினிக்கு மூன்று பேர். முதலெழுத்து தமிழிலா ஆங்கிலத்திலா, புள்ளி உண்டா இல்லையா என்பதற்கேற்பப் பட்டியல் வேறு வேறு பதில் சொல்லும். மதிப்பெண்ணை இந்தத் தேடல் குறிப்புக்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும், கடைசிக் கட்டத்தில் போட்ட விடைக்கு அல்ல. நாற்பது மாணவர்கள் ஆளுக்கு இரண்டு பக்கம் எழுதினால் திருத்துகிறவருக்கு அது கூடுதல் வேலை. அந்த வேலையை எந்திரத்திடம் கொடுக்கலாமா என்று கேட்கும் ஆசிரியர்களும் இப்போது இருக்கிறார்கள்.